ஆஸ்பத்திரிக் காசிமாயன்

சுனைக்கரட்டுக் காசிமாயன் ஆஸ்பத்திரியைக் கையில் எடுத்ததற்குக் காரணம் இரக்கம் அல்ல. வரிசையில் கடைசியாக நின்றதுதான்.

பஞ்சாயத்து எலெக்‌ஷனுக்கு மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பேசி முடித்துவிட வேண்டும், தினம் தினம் வந்து கேட்டுக்கொண்டு நிற்க எங்களுக்கு வேறு சோலி இல்லையா என்று ஊர் சொல்லிவிட்டது. மாட்டை அவிழ்த்துவிட்ட பார வண்டி ஒன்றுக்கு முட்டுக் கொடுத்து அதையே மேடையாக்கினார்கள். முதலில் ஏறியவர் போடிக்குப் போகும் வண்டிப்பாதையை ரோடாக்குகிறேன் என்றார். அடுத்து ஏறியவர் கிணறு, பள்ளிக்கூடம், தெருவிளக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு இறங்கினார். காசிமாயன் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ரோடும் கிணறும்தான். வண்டியில் ஏறி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றபோது, கொடுப்பதற்கு அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் யாரோ விடாமல் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரி கொண்டாறேன்," என்றார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்க வைத்தவருக்கே ஓட்டையும் போட்டது. தோற்ற இருவரும் ரோட்டையும் கிணற்றையும் மறுநாளே மறந்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். ஜெயித்தவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சுனைக்கரடு போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து கால் நீட்டுகிற இடத்தில் இருந்தது. பாதி ஊர் கீழே சோளமும் கடலையும் போடும். மீதிப் பாதி மலையேறி, எல்லைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்க் காட்டு ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும். வாரக்கணக்கில் அங்கேயே தங்கிக் களையெடுத்து, காய் பறித்து, இறங்கும்போது தலையில் அரிசியும் உடம்பில் காய்ச்சலுமாக இறங்குவார்கள். மலையாளத்தாரோடு புழங்கியவர்கள் அதைப் 'பனி' என்பார்கள். பேர் எதுவானாலும் நடுக்கம் ஒன்றுதான். நடக்க முடியாதவர்களைக் கம்பளியில் கிடத்தி, கம்பளியைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டு, ஆள் மாற்றி ஆள் தூக்கி வருவார்கள். டோலி என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் டோலி நேராகப் போடிக்குப் போகும். எலெக்‌ஷனுக்குப் பிறகு காசிமாயன் வீட்டு வாசலில் இறங்க ஆரம்பித்தது.

"இதுதான ஆஸ்பத்திரிக்காரர் வீடு?" என்று தூக்கி வந்தவர்கள் கேட்டார்கள்.

கேலிக்குக் கேட்டவர்களும் உண்டு, நிஜமாகவே கேட்டவர்களும் உண்டு. இரண்டு சாராருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டியவள் அவர் மனைவி ஆயம்மாள்தான்.

"வாய்தான் ஒங்களுக்கு, அடுப்பு எனக்கா?" என்று அவள் கேட்பாள். கேட்டுக்கொண்டே நொய்யைக் களைவாள்.

ஒருநாள் சுருளிவேல் என்ற இளவட்டத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூட்டை தூக்குவதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை. போடிக்குக் கொண்டுபோகக் காசிமாயன் அவன் காலைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். மேய்ச்சலுக்குப் போன காளைகளை ஓட்டிவர ஆள் போயிருந்தது. காளைகள் வந்தன. பூட்ட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. அவர் பிடித்திருந்த பாதங்கள் அவர் கையிலேயே சில்லிட்டுவிட்டன.

அன்று முதல் ஆஸ்பத்திரி என்று சொன்னபோதெல்லாம் காசிமாயன் அதை மெய்யாகவே சொன்னார். அதுவரை அது ஒரு பேச்சு. பேச்சாகவே இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது.

அடுத்த இரண்டு வருஷத்தில் அவர் ஏறாத மேடை இல்லை. கூட்டுறவுச் சங்கக் கூட்டம், மாட்டுச் சந்தைத் திறப்பு, கல்யாண வீடு, எதுவானாலும் வாழ்த்திப் பேச எழுந்து காய்ச்சலில் வந்து நிற்பார். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினால், "ஆஸ்பத்திரி பொறப்பட்டுருச்சு" என்று ஊர் சொல்லும். பேசிப் பேசி அவருக்குப் பேச்சில் ஒரு மினுக்கும் வந்துவிட்டது.

"எங்க ஊர்ல அடுப்பு எரியாத வீடு உண்டு. காச்சல் எரியாத வீடு கெடையாது!" என்று ஒரு கூட்டத்தில் முழங்கினார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசிமாயனுக்கு அந்தக் கைதட்டல் பிடித்திருந்தது. அதை மறைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. மதுரைப் பத்திரிகை ஒன்றில் அந்த வாசகம் அப்படியே அச்சாகி வந்தபோது, ஒரு பிரதியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தார்.

பத்திரிகையைச் சர்க்கார் படித்ததா என்று தெரியாது. பக்கத்து ஊரான சிலமலை படித்தது.

சிலமலை ஒச்சப்பன் தன் மகனுக்குக் காசிமாயனின் மகள் அன்னக்கொடியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நிலம் நீச்சு உள்ள நல்ல குடும்பம். பூ வைக்க நாள் பார்த்துச் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஆயம்மாளின் தம்பி பிச்சைமணி, ஏலக்காய் வாங்கி உலர்த்தி விற்கிறவன், வியாபாரமாகச் சிலமலைப் பக்கம் போனவன் சேதி கொண்டு வந்தான்.

"மச்சான், டீக்கடையில வச்சு ஒங்க பேச்சப் படிச்சிருக்காக. ஒச்சப்பன் எந்திரிச்சு, 'வீட்டுக்கு வீடு காச்சல்னு பொண்ணோட அப்பனே சொல்றாரு. பொண்ணக் கட்டிக்கிட்டு வந்து நான் கசாயம் காச்சவா'ன்னு கேட்டாராம்."

"அது பொதுவாச் சொன்னது மாப்ளே. ஒரு எடுப்புக்காக."

"ஒங்க எடுப்புக்கு இங்க பொண்ணு எடுக்க ஆளில்ல," என்று அடுப்படியிலிருந்து ஆயம்மாள் சொன்னாள்.

அவள் வீட்டு விஷயம் மட்டும் அல்ல அது. ஊரில் பையன்களுக்குப் பெண் கேட்டுப் போனால், 'காச்சக்காட்டு ஊரா' என்று கேட்டுத் குடிக்கத் தண்ணீர் மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். தேவாரத்தில் ஒரு சம்பந்தம் வெற்றிலை மாற்றுகிற நேரத்தில் கலைந்தது. கிணற்றடியில் பெண்கள் ஆயம்மாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். மொக்கம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. அவள் தோட்ட வேலைக்குப் போகிற விதவை. காய்ச்சல் அவளுக்கு வாடிக்கையாக வந்து தங்குகிற உறவுக்காரன் மாதிரி.

"மதினி, ஒங்க வீட்டுக்காரரு மேடையில ஏறுனா எனக்கு இங்க குளிரெடுக்குது. எம் மகனுக்கு எந்த ஊர்ல போயிப் பொண்ணு கேக்க? அவரையே காச்சல் இல்லாத ஊராப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

இந்த நேரத்தில்தான் சுகாதார ஆபீசர் ஒருவர் ஊரை நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்த்து, ஆமாம், இங்கே மருந்தகம் வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், டாக்டரோடு ஆஸ்பத்திரி வந்துவிடும். காசிமாயன் தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார். காய்ச்சல்காரர் ஒருத்தர் பாக்கியில்லாமல் சாவடிக்கு வந்து உட்கார வேண்டும். நடுங்குகிறவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால்.

ஒச்சப்பனுக்கும் ஆபீசர் வருகிற தகவல் போயிற்று. அவர் கெட்டிக்காரர். பிச்சைமணியிடம் சொல்லி அனுப்பினார்: "அன்னிக்குச் சாயங்காலமா நாங்களும் வாறோம். சர்க்கார் டாக்டரு ஊரப் பாத்து என்ன சொல்றாரோ, அதக் கேட்டுட்டுப் பூ வைக்கிறதப் பேசிக்கிருவோம்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் காசிமாயன் தலை நிமிரவில்லை.

"ஆஸ்பத்திரியா, அன்னக்கொடியா?" என்று ஆயம்மாள் கேட்டாள்.

"ரெண்டுந்தான். காலையில ஆபீசருக்குக் காச்சலக் காட்டி அனுப்பிச்சுருவோம். சாயங்காலம் சம்பந்தகாரவுக வாறதுக்குள்ள எல்லாரையும் எழுப்பி வீட்டுக்குப் போகச் சொல்லிருவோம்."

"ஒங்களுக்குக் காச்சல்னா லாந்தர் வெளக்கு. வேணும்னாப் பொருத்தலாம், வேணாம்னா அமத்தலாம்," என்றாள் ஆயம்மாள். அதோடு ஒன்றும் பேசாமல் குழம்பை ஊற்றினாள். அவள் பேசாமல் குழம்பு ஊற்றினால் ஏதோ முடிவாகிவிட்டது என்று இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆபீசரை அழைத்துவரக் காசிமாயன் விடியும் முன்பே போடிக்குப் போய்விட்டார். ஆபீசர் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வந்ததும் எஸ்டேட்காரர் ஒருவர் வீட்டில் காபி. காபிக்குப் பின் பேச்சு. பேச்சுக்குப் பின் சாப்பிடாமல் போகக்கூடாது என்று வற்புறுத்தல். சாப்பிட்டவர் சற்றுக் கண்ணயர்ந்தார். ஜீப்பு சுனைக்கரட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் சிலமலைக்காரர்கள் வந்து காசிமாயன் வீட்டில் வடை தின்று கைகழுவி முடித்திருந்தார்கள்.

காசிமாயன் ஜீப்பிலிருந்து இறங்கி ஊரைப் பார்த்தார். அது அவர் ஊராகவே தெரியவில்லை. தெரு முழுக்க சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. சுவர்கள் புதிதாக மெழுகியிருந்தன. கொசு ஒழிக்கிறவர்கள் வந்து உள்சுவரில் அடித்துவிட்டுப் போயிருந்த மருந்தும் அந்த மெழுகலுக்குள் போய்விட்டிருந்தது. பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்துத் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். சாவடியில் நடுங்குகிறவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் ஊரிலேயே உடம்பு நன்றாக இருந்த ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல காத்து," என்றார் ஆபீசர். இளம் வயது, நல்ல மனிதர். "ஜனங்களும் திடமா இருக்காங்களே. காய்ச்சல்காரங்க எங்கே, பிரசிடெண்ட்?"

காசிமாயன் ஆட்டைத் தொலைத்தவர் மாதிரி இந்தத் தெருவையும் அந்தத் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்ப வந்துருவாகய்யா," என்று சொல்லிவிட்டு வீட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினார்.

"அடியே, எங்கடி போனாக எல்லாரும்?"

"பத்திரமாத்தான் இருக்காக."

"எங்க?"

"வீட்டுக்குப் பெரிய மனுசர் வர்றப்ப ஒடம்பு முடியாதவுகள நடுக்கூடத்துல படுக்கப் போட்டு எந்தக் குடும்பமாச்சும் காட்டுமா? ஊருன்னா மட்டும் காட்டுவாகளா? கேவலமா இல்ல?" ஆயம்மாளின் குரலில் கோபம் இல்லை. விருந்து முறையைப் பற்றிச் சந்தேகமே இல்லாதவளாகப் பேசினாள். "வெரசாப் போங்க. ஒச்சப்பன் பாத்துக்கிட்டு இருக்காரு. சிரிச்ச மொகமாப் போங்க."

இதில் அவள் தனி இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் கூடிச் செய்த வேலை அது. நடக்க முடிந்தவர்களை விறகு பொறுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்களை எங்கே வைத்தார்கள் என்றுதான் அவள் சொல்லவில்லை.

காசிமாயன் திரும்பி வந்தபோது ஆபீசர் ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்தார். ஊருக்கு மருந்தகம் வேண்டாம் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. சுருளிவேலின் பாதம் கையில் பட்டது போல இருந்தது காசிமாயனுக்கு. எதையாவது சொல்லி இந்த மனிதரை இன்னும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எந்த மூலையிலிருந்தாவது ஒருவன் நடுங்கிக்கொண்டு வந்துவிட மாட்டானா?

"ஐயா, ஏலக்காய் எப்பிடி ஒலத்துறதுன்னு பாத்ததில்லையே நீங்க? எங்க மச்சினன் ஸ்டோர் இங்கனதான் இருக்கு."

ஆபீசரின் கால் தரைக்கு வந்தது. போடிப் பக்கம் வருகிற எந்த ஆபீசருக்கும் ஏலக்காயில் ஆர்வம் இல்லாமல் இருப்பதில்லை.

"மச்சான், இப்ப காய் வரத்து இல்லையே. ஸ்டோர் சும்மாக் கெடக்கு," என்றான் பிச்சைமணி. அவன் முகம் போன போக்கைக் காசிமாயன் கவனிக்கவில்லை.

"சும்மாக் கெடந்தா என்ன மாப்ளே? ஐயா பாக்கட்டும், தொற."

"சாவி..."

"இடுப்புல தொங்குதேய்யா!"

ஒச்சப்பனும் அவர் ஆட்களும் கூட வந்தார்கள். ஆபீசர் எங்கே போனாலும் கூடப் போவது என்று வந்தவர்கள் அல்லவா?

அது ஊருக்கு ஓரமாக இருந்த நீளமான கட்டிடம். உள்ளே இரண்டு பக்கமும் மூங்கில் தட்டுகள் அடுக்கியிருக்கும். பச்சைக் காயை அவற்றில் பரப்பி, வெளியிலிருந்து விறகு மூட்டி, உள்ளே சூட்டைச் செலுத்தி உலர்த்துவார்கள். கதவு திறந்தது. வெதுவெதுவென்று சூடு முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டுகளில், வரிசையாக, தட்டுக்கு ஒருத்தராகக் கம்பளி போர்த்திக்கொண்டு சுனைக்கரட்டின் காய்ச்சல் மொத்தமும் படுத்திருந்தது. குளிரில் நடுங்குகிறவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று பிச்சைமணி காலையிலிருந்தே கொஞ்சமாக விறகு மூட்டி வைத்திருந்தான். வாசலுக்குப் பக்கத்தில் கஞ்சிப் பானை. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த கும்பாக்கள்.

மொக்கம்மாள் தட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தாள். வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் இருக்க முடியாது.

"வாங்கய்யா," என்றாள் பல் தந்தியடிக்க. "இருங்க, கஞ்சி குடிச்சுட்டுப் போகலாம்."

ஆபீசர் உள்ளே நடந்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தார். தட்டைத் தட்டிப் பார்த்தார். மேலே புகைபோக்கியைப் பார்த்தார்.

"தரையிலேருந்து உயரமாப் படுக்கை. ஆளுக்குத் தனித்தனி. ஈரம் இல்லை. புகைக்குக் கொசு அண்டாது. ஆகாரமும் இங்கேயே." அவர் திரும்பிக் காசிமாயனைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. "இது வார்டு இல்லாம வேறென்ன? நோயாளிகளைக் குடும்பத்திலிருந்து பிரிச்சு வச்சிருக்கீங்க. ஊரும் சுத்தமா இருக்கு. ஜில்லாவுல எங்கேயும் நான் இப்படிப் பார்த்ததில்லை. மேடையில ஏறி ஆஸ்பத்திரி இல்லேன்னு பேசுறீங்க, இங்கே சத்தமில்லாம நீங்களே ஒண்ணு நடத்துறீங்களே, பிரசிடெண்ட்!"

காசிமாயன் வாயைத் திறந்தார். ஐயா, இது ஆஸ்பத்திரி இல்லை, ஒளித்து வைத்த இடம் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி வந்திருக்கும். வலப்பக்கம் ஒச்சப்பன் நின்றார். நிலைப்படிக்கு வெளியே ஆயம்மாளும் ஊர்ப் பெண்களும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கையில், 'ஊரே சேர்ந்து உங்களை ஏமாற்றியது' என்று ஒரு பிரசிடெண்டு சொல்லலாமா? அதோடு, இன்னொன்றும் இருந்தது. இந்த மாதிரி ஒரு பாராட்டை இத்தனை பேர் முன்னால் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

"ஏதோ எங்களால ஆனதுங்கய்யா," என்றார் காசிமாயன்.

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் காசிமாயனைக் கொஞ்சம் ஒதுக்கிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"எங்க ஆத்தாவுக்கும் போன மாசத்துலருந்து விட்டு விட்டுக் காச்சல். வெளிய சொல்லல. இங்கன ஒரு தட்டு கெடைக்குமா, சம்பந்தி?"

கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஒச்சப்பன் போன இடமெல்லாம், "பொண்ணு ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார். சுனைக்கரட்டுப் பையன்களுக்கும் தடையில்லாமல் பெண் கிடைத்தது. மொக்கம்மாள் மகனுக்குத் தேவாரத்திலிருந்தே பெண் வந்தது. ஆபீசரும் ஊரை மறக்கவில்லை. ஊர் முயற்சியை மெச்சி, வாரம் ஒருமுறை போடியிலிருந்து ஒரு கம்பவுண்டரை அனுப்ப ஏற்பாடு செய்தார். அவர் சைக்கிளில் மிக்சர் என்கிற காய்ச்சல் மருந்து பாட்டிலோடு வருவார். மழை பெய்தால் வரமாட்டார். காய்ச்சல் மழையில்தான் வரும்.

காசிமாயன் மறுபடி மதுரைக்குப் போய்ச் சுகாதார ஆபீசில் நின்றார். குமாஸ்தா பெயரைக் கேட்டதும் எழுந்து நாற்காலி போட்டார்.

"சுனைக்கரடா? முன்மாதிரி ஊருன்னு ஐயா சொல்லிட்டே இருப்பாரு. ஒண்ணுமே இல்லாத ஊரு எத்தனையோ வந்து நிக்குது. இருக்கிற நீங்களே திரும்பக் கேட்டா எப்படி?"

ஆவணியில் காய் வரத்து ஆரம்பித்தது. பிச்சைமணி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஸ்டோர் வேணும். பச்சைக்காய் மூட்டையில வேகுது."

"ஆளுக படுத்திருக்காகளேடா."

"அப்ப காயை எங்க படுக்க வைக்க?"

கடைசியில் மேல்தட்டில் காயும் கீழ்த்தட்டில் ஆளும் என்று சமாதானமாயிற்று. காய்க்கு வேண்டிய சூடு ஆளுக்குத் தாங்கவில்லை. ஆளுக்குத் தாங்குகிற சூட்டில் காய் உலரவில்லை. போடி வியாபாரிகள் பிச்சைமணியின் ஏலக்காயை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். மிக்சர் வாடை. காய்ச்சல்காரர்களோ வீட்டுக்குப் போன பிறகும் ஒரு வாரத்துக்குக் கல்யாணப் பாயசம் மாதிரி மணந்தார்கள்.

அந்த மழையில் கீழ்த்தட்டிலிருந்து இரண்டு பேர் எழுந்திருக்கவில்லை. அதற்கு யாரும் காசிமாயனைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதுதான் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

போடிக்கு ஒரு மந்திரி வந்தபோது, பிரசிடெண்டுகளுக்குப் பேச ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். காசிமாயன் மேடையேறினார். இந்தத் தடவை மினுக்கு ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

"மந்திரி ஐயா, எங்க ஊர்ல ஆஸ்பத்திரி கெடையாது."

இரண்டாம் வரிசையில் ஒச்சப்பன் விசுக்கென்று எழுந்தார். மானமுள்ள மனிதர். சம்பந்தி வீட்டுப் பெருமையைச் சம்பந்தியே குறைத்துப் பேசினாலும் பொறுக்க மாட்டார்.

"என்ன சம்பந்தி இப்பிடிச் சொல்லிப்புட்டீக! எங்க ஆத்தா அங்கனதான பொழச்சு வந்துச்சு?"

"அது ஏலக்காய் ஸ்டோர் சம்பந்தி! ஆபீசர் கண்ணுல படக் கூடாதுன்னு ஆளுகள ஒளிச்சு வச்ச எடம்! நானும் அன்னிக்கு வாய மூடிக்கிட்டு நின்னேன்!"

உண்மையை ஒருவழியாகச் சொல்லிவிட்டோம் என்று காசிமாயனுக்கு மார்பு லேசாயிற்று. கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டுக் கை தட்டியது. மந்திரியும் சிரித்தார்.

"செய்யிறதையும் செஞ்சிட்டு, இவ்வளவு அடக்கமா ஒரு தலைவர் பேசி நான் கேட்டதில்லை," என்று மந்திரி தமது பேச்சில் சொன்னார். ஒவ்வொரு ஊரும் சுனைக்கரடு போலத் தன் காலில் நின்றால் சர்க்காருக்குப் பாரம் குறையும் என்றும் சொன்னார். காசிமாயனுக்குத் தம் கையாலேயே மாலை போட்டார்.

அதன் பலன், பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அத்திமரத்துப்பட்டிக்காரர்கள் முதலில் வந்தார்கள். தங்கள் ஊரிலும் மருந்தகம் கேட்டு, 'சுனைக்கரட்டைப் போய்ப் பாருங்கள்' என்ற பதிலோடு வந்தவர்கள். அவர்களுக்கு இருந்த கோபத்துக்குக் காசிமாயனை அடிக்காமல் விட்டதே பெரிது. அவர் அவர்களை ஸ்டோருக்குக் கூட்டிப்போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்.

"சொல்றதக் கேளுங்கப்பு. ஆபீசர் வாறார்னா தெருவக் கூட்டாதீக. கோலம் போடாதீக. பொம்பளைகளப் பூ வைக்க விடாதீக. காச்சக்காரன எழுப்பி உக்கார வைக்கவும் வேணாம், கெடந்த எடத்துலயே கெடக்கட்டும். பாராட்டுனாருன்னா மட்டும் பயப்புடுங்க."

"கேவலமா இருக்காதாண்ணே?"

"இருக்கும். அது ஒருநாள்."

"பொண்ணு தர மாட்டாகளே?"

"மொதல்ல தர மாட்டாக. பெறகு அவுக ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு வருவாக."

அத்திமரத்துப்பட்டி அவர் சொன்னபடியே செய்தது. அதே ஆபீசர் அங்கே போனார். பார்த்தார். முகம் வாடித் திரும்பினார். மறு வருஷம் அங்கே ஓட்டுக் கட்டிடத்தில் மருந்தகம் வந்தது. டாக்டர், நர்ஸ், பூட்டுப் போட்ட மருந்து பீரோ. திறப்பு விழாவுக்குக் காசிமாயனைக் கூப்பிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேசச் சொன்னபோது அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசியில் ஆயம்மாளுக்கே காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் பிச்சைமணி ஸ்டோரில் தட்டு ஒழித்து வைப்பதாகச் சொன்னபோது, "போடா, காயைப் போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து சேலை மாற்றிக்கொண்டாள். காசிமாயன் வண்டி பூட்டினார். கரட்டைச் சுற்றிக்கொண்டு அத்திமரத்துப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே வரிசையில் பாதிப் பேர் சுனைக்கரட்டு ஆட்கள். பிரசிடெண்டைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்தார்கள். மொக்கம்மாள் மட்டும், "வாங்கண்ணே, நீங்களுமா?" என்றாள்.

நர்ஸ் மலையாளம் கலந்த தமிழில் பேசுகிற பெண். ஆயம்மாளின் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே ஊர் கேட்டாள்.

"சுனைக்கரடு."

"அய்யோ, அவிடயல்லே பெரிய ஆஸ்பத்திரி உண்டுன்னு எல்லாரும் பறையுது? மந்திரி கூட சொல்லியதாச்சே? பின்ன எதுக்கு இத்தனை தூரம் வந்தது?"

கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஆயம்மாள், குடையும் கையுமாக வாசலில் நின்ற புருஷனை ஒருதரம் பார்த்தாள்.

"அது எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி ஆத்தா," என்றாள். "ஒடம்புக்கு முடியலேன்னா நாங்க இங்கதான் வருவோம்."